கௌரி மதம் மாறவில்லை

மனுரேவா, ஒக்லாந்து, நியூசிலாந்து
பங்குனி 9

அன்பும் மதிப்பும் உள்ள ஆனந்தராசா மச்சானுக்கு,

கேதீஸ்வரன் எழுதுவது. நானும் கௌரியும் மகளும் சுகம். நீங்களும் அக்காவும் கனடாப் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். மூன்று மாதமாக நீங்கள் எங்கள் போனை எடுக்கவில்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள். அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதவேண்டி வந்தது.

முதலில் முக்கியமான விஷயம். உங்கள் தங்கச்சி மதம் மாறவில்லை. உங்களுக்கு யாரோ அனுப்பிய வீடியோவில் அவள் சேலை கட்டிக்கொண்டு, ஒரு கையை மேலே தூக்கி, கறுப்புச் சட்டை போட்ட நாலு பெண்களுக்கு நடுவில் பாடுவது உண்மை. அது தேவாலய மண்டபம் என்பதும் உண்மை. ஆனால் அன்றைக்கு அந்த மண்டபம்தான் வாடகைக்குக் கிடைத்தது. கையைத் தூக்கியது, மைக் வயர் முந்தானையில் சிக்கியதால். நான்தான் ஓடிப்போய் எடுத்துவிட்டேன். வீடியோ எடுத்தவர் அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்.

அவள் பாடுவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை. சோல் என்றால் ஆன்மா என்று மகள் கம்சாயினி சொன்னபோது நானும் ஆன்மிகம் என்றுதான் நினைத்தேன். கவனித்துக் கேட்டால், முக்கால்வாசிப் பாட்டு விட்டுவிட்டுப் போன காதலனைப் பற்றியது. பிள்ளையை வளர்த்து, வீட்டு மோர்கேஜ் கடனும் கட்டுகிற பெண் எந்தக் காதலனை நினைத்து இப்படி உருகுகிறாள் என்று கேட்டேன். காதலன் இல்லாவிட்டாலும் துக்கம் இருக்கலாம்தானே என்றாள்.

இது தொடங்கிய விதத்தையும் சொல்கிறேன். பக்கத்தில் விரி என்ற இடத்தில், மருந்துப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியத்தில் அவள் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். இயந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற துணிவில் பாடிக்கொண்டே அடுக்குவாளாம். ஒருநாள் இயந்திரம் திடீரென்று நின்றுவிட்டது. இவள் நிறுத்தவில்லை. மேற்பார்வை பார்க்கும் லோசா என்ற சமோவாப் பெண் ஒரு இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கிறவர். அடுத்த சனிக்கிழமையே இவளைத் தன் வீட்டுக் கராஜுக்குப் பாடக் கூட்டிப்போய்விட்டார்.

எனக்குச் சொன்னது ஓவர்டைம் என்று. ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. பாவம், உழைக்கிறாள் என்று சனிக்கிழமைகளில் நானே சமைத்தேன். ஒரு சனிக்கிழமை பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அதை எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனால், சனிக்கிழமையில் இங்கே ஆள் இல்லை என்றான் காவல்காரன். மகளுக்கு போன் எடுத்தேன். அவள் தாயின் போன் இருக்கும் இடத்தைத் தன் போனில் பார்த்து, விலாசத்தை அனுப்பி, “டாட், டோன்ட் பீ ட்ரமாட்டிக்” என்றாள்.

கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஓர் ஆணின் குரல். தடித்து, அடிவயிற்றிலிருந்து எழும்பி வருகிற குரல். ஆத்திரத்தோடு குனிந்து எட்டிப் பார்த்தேன். அந்த ஆண் கௌரி.

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளின் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை, மச்சான். மாத்திரையை நீட்டினேன். அவள் பயத்தில், “ஓவர்டைம் இன்னும் முடியேல்லை” என்றாள்.

திரும்பி வரும்போது காரில் ஒரு கதை சொன்னாள். பதினாலு வயதில் தேவாரப் போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தபோது, வந்த விருந்தினருக்கு முன்னால் நீங்கள், நாம்பன் மாடு கத்துற மாதிரிக் கிடக்கு என்றீர்களாம். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாளாம். அடுத்த நாள் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நான் குறை சொல்ல எழுதவில்லை. கலியாணமான புதிதில் அவள் குசினியில் சமைத்துக்கொண்டு பாடியபோது, ரேடியோச் சத்தத்தைக் குறை என்று சொன்னவன் நான். அன்றைக்கு ரேடியோவே போட்டிருக்கவில்லை.

அந்தத் தடித்த குரலைத்தான் இங்கே கொண்டாடுகிறார்கள். ஏவன்டேல் சந்தையில் கிழங்கு விற்கிற ஒரு பெண், ஆன்ரி கௌரி என்று கட்டிப்பிடித்துப் பை நிறையக் கிழங்கு தந்தாள். நான் இப்போது குழுவின் ஸ்பீக்கர் தூக்குகிறவன். முதுகு வலிக்குத் தைலம் பூசுகிறேன்.

கோயில் தலைவர் சுந்தரமூர்த்தியும் மதமாற்றத்தை விசாரிக்க வீட்டுக்கே வந்தார். ஒரு பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, பொங்கல் விழாவில் பாட வேண்டும், ஆனால் பேபி என்ற சொல் கோயில் மண்டபத்துக்குச் சரிவராது என்றார். ஆகவே பேபி வருகிற இடமெல்லாம் முருகா என்று பாடினாள். தாளம் கொஞ்சமும் இடறவில்லை. முன்வரிசை அம்மாமார் கைகூப்பிக் கண்ணீர் விட்டார்கள்.

இனி, நான் எழுத உட்கார்ந்த காரணம். போன மாதம் பூங்காவில் பெரிய இசை விழா. ஆயிரம் பேருக்கு மேல். முதன்முதலாகத் தானே எழுதிய பாட்டைப் பாடினாள். முழுக்க ஆங்கிலம், கடைசியில் ஒரேயொரு வரி மட்டும் தமிழ். “அண்ணை, நான் பாடட்டோ?” அதையே திரும்பத் திரும்பப் பாடினாள். லோசா சேர்ந்தார், குழு சேர்ந்தது, பிறகு புல்லில் இருந்த சனமெல்லாம் எழும்பி நின்று பாடியது. மாவோரிச் சனம், சமோவாச் சனம், வெள்ளைக்காரர், ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது. எல்லாரும் உங்களைத்தான் கேட்டார்கள், மச்சான்.

மேடையால் இறங்கியவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். என்ன பார்த்தாய் என்றேன். பற்றரி எவ்வளவு இருக்கு என்று பார்த்தேன் என்றாள்.

இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில்தான் இருப்பாள். உங்களுக்கு அது சனி பின்னேரம். தயவுசெய்து எடுங்கள். ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள், கேட்டுக்கொண்டிருப்பாள். ஏசுவதற்கு முன்னால், அவள் கேட்டதற்கு ஓம், பாடு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சுகத்தையும் உங்கள் குரலையும் எதிர்பார்த்திருக்கும்,
கேதீஸ்வரன்