கரண்ட் வைத்த ஏழு வாரம்

இன்று காலை அங்கன்வாடிக்குக் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், பிள்ளையின் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு பவுடரை அப்பிக்கொண்டு வந்திருந்தாள். மார்கழிப் பனியில் யாராவது இதைப் போடுவார்களா என்று திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் திட்ட வரவில்லை. எனக்குத் தெரிந்து மார்கழியில் வேர்க்குரு பவுடர் போட்ட ஒரே ஆம்பளை நீதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்ட அந்த ஊசி உன் உடம்பில் என்ன செய்ததோ, உட்கார்ந்த இடத்தில் கழுத்தும் முதுகும் நனைந்துவிடும். எனக்கும் அப்போது மாதவிலக்கு நிற்கிற வயது. இருந்த ஒரே டேபிள் ஃபேனுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம். மகள் போனில் சிரித்தாள்.

தெருவில் நடக்கும்போது உன்னை 'நீங்க' என்பேன், வாசற்படி தாண்டினால் 'யோவ்'தான். இப்போது வீட்டில் நான் மட்டும் இருப்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒன்றுக்குப் போகக் கஷ்டமாக இருக்கிறது என்று நீ சொன்னதை முதலில் நான்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் வரிசையில் ஒரு நாள், இரண்டு நாள் என்று காத்துக்கிடந்து, வண்டியை விட்டு இறங்க முடியாமல் அடக்கிக்கொண்டு உட்காருகிற ஆள் நீ. டிரைவர்கள் எல்லாருக்கும் இருக்கிறதுதான் என்றாய். அப்புறம் ரத்தப் பரிசோதனை, சதை எடுத்துப் பரிசோதனை, புராஸ்டேட்டில் புற்றுநோய் என்ற சீட்டு. ஊசி போட்டு, ஏழு வாரம் கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், கட்டுக்குள் வந்துவிடும் என்றார்கள். நான் மருந்து வாங்குகிற வரிசையில் நின்றபோது டாக்டர் உன்னைத் தனியாக உட்காரவைத்து ஏதோ சொல்லியிருக்கிறார். வெளியே வந்த உன் முகம் சுண்டிப் போயிருந்தது. என்னய்யா சொன்னார் என்றேன். ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாய்.

நானோ, ஊர்ப்பட்ட பெண்களுக்கெல்லாம் பால் கொடுப்பதிலிருந்து காப்பர் டி வரைக்கும் கூச்சமில்லாமல் பாடம் எடுக்கிறவள். சொந்தப் புருஷனிடம் இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கரண்ட் வைக்க ஆரம்பித்த முதல் நாளே நீ கட்டிலை விட்டு ஹாலுக்குப் போய்விட்டாய். உன் தட்டு, உன் டம்ளர், உன் துண்டு எல்லாம் தனி. தலைப்பிரசவத்துக்கு மகள் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவள் ஹாலுக்கு வந்தால் நீ எழுந்து டீக்கடைக்குப் போனாய். காசிமேடு மீன் மார்க்கெட்டில் அவளுக்குப் பிடித்த கடம்பா வாங்கிவருவாய், பையை வாசலில் வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போவாய். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நகர்ந்து உட்காருவாய். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கரண்ட் வைப்பார்கள் என்று, ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு நீ நெளிந்துகொண்டிருந்தபோது உன் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு இப்போது நான் வேண்டாதவளாகிவிட்டேனா என்றுதான் மனசில் ஓடியது. இப்படியே போனால் நோயை அடக்கிவிட்டு வீட்டில் யாரோ எவரோபோல இருப்போம் என்று பயந்தேன்.

மூன்றாவது வாரம் மகள் அழுதாள். நான் வந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, என் வீட்டுக்கே போகிறேன் என்று பெட்டியை எடுத்தாள். நீ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். உன் சட்டையைப் பிடித்து இழுக்க வந்தேன். நீ இரண்டடி பின்னால் போய்க் கையை நீட்டித் தடுத்தாய்.

"கிட்ட வராதமே. எம் மேல கரண்டு கீது. புள்ளத்தாச்சிய வேற வூட்ல வெச்சிகினு இன்னா வெளாட்டு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ நடுத்தெருவில் நின்றபடியே சொன்னாய். துறைமுகத்தில் கன்டெய்னரை ஸ்கேன் செய்கிற கொட்டகை இருக்கிறது. வண்டியை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு டிரைவர் இறங்கி, மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி வந்தால் காவலாளி கத்துவான். ஒரு நிமிஷம் ஸ்கேன் செய்வதற்கே அவ்வளவு ஜாக்கிரதை. உனக்கோ தினமும் வைக்கிறார்கள், வைக்கும்போது எல்லாரும் உன்னைத் தனியாக விட்டுவிட்டு வெளியே ஓடிக் கதவை வேறு சாத்துகிறார்கள். அப்படியானால் உன் உடம்பில் எவ்வளவு தங்கியிருக்கும்? இதுதான் உன் கணக்கு. யாரிடமும் கேட்காமல் நீயே வீட்டுக்குள் ஒரு மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு அதற்கு அப்பால் நின்றிருக்கிறாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

மறுநாள் கரண்ட் வைக்கும் அறை வாசலில், அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிற சின்ன வயதுப் பெண்ணை நிறுத்தி, எல்லார் முன்னாலும் கேட்டேன். இவர் உடம்பில் கரண்ட் தங்குமா, கர்ப்பிணிப் பெண் பக்கத்தில் உட்காரலாமா, நான் பக்கத்தில் படுக்கலாமா? நீ தலையைக் குனிந்துகொண்டாய். வெளியிலிருந்து வைக்கிற கரண்ட் மெஷினை நிறுத்தியதும் தீர்ந்துபோகும், எதுவும் தங்காது, பேரப்பிள்ளை பிறந்தால் தூக்கலாம், தாராளமாகச் சேர்ந்து படுக்கலாம் என்றாள் அவள். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அப்படியானால் நானும் வீட்டுக்குள் போய்ப் படுக்கலாமா அம்மா என்று மெதுவாகக் கேட்டார். அவரும் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டிருந்தாராம்.

அன்றைக்கு நீ மகளின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய். வயிற்றில் பிள்ளை உதைப்பதைக் கை வைத்துப் பார்த்தாய். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கட்டிலில் புது விரிப்பு போட்டேன். சாப்பிட்ட கையோடு நீ ஹாலில் பாயை விரித்தாய்.

மகள் பக்கத்து வீட்டுக்குப் போகும்வரை பொறுத்திருந்தேன். வந்து பாயில் உட்கார்ந்தேன். இப்போது என்னய்யா, அந்தப் பெண் சொன்னதை நம்பவில்லையா என்றேன். நீ சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய்.

"நம்புறேன்மே. நேத்து வரிக்கும் கரண்டுன்னு சொல்லிகினு தள்ளிப் படுத்தேன். இனிமே இன்னா சொல்லிப் படுப்பேன்? ஊசி போட்டதுலேர்ந்து ஒண்ணும் ஆவலடி. ஆசைகூட வர்ல. டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. நீ கைய வெச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

எண்ணூர் ரோட்டில் எதிரே வந்த லாரி இடித்துக் கால் முறிந்தபோதுகூட நீ அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாய். எனக்கு உன்மேல் இருந்த கோபமெல்லாம் போய், உன்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு வந்ததில்லை.

"யோவ், நான் கைய வெச்சா நீ ஒண்ணும் பண்ண வாணாம். சும்மா கெட."

அப்படியே கிடந்தாய். நானும் அந்தப் பாயிலேயே படுத்தேன். மகள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது நானும் உள்ளே போனேன். ஊசியை நிறுத்திய பிறகு ஆசை மெல்ல மெல்லத் திரும்பலாம், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, அதற்கும் மருந்துகள் உண்டு, நெஞ்சைப் பரிசோதித்துவிட்டுத்தான் தருவேன் என்றார். உங்கள் மனைவியையும் முதலிலேயே கூப்பிட்டு உட்காரவைத்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அதில் எனக்குக் கொஞ்சம் சமாதானம்.

பேத்தி பிறந்தாள். நீ தூக்கினாய். இரண்டு வருஷம் கழித்து ஊசியை நிறுத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரம் சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு வந்து, மீன்குழம்பு சாப்பிட்ட மத்தியானம், நீயாகவே என் பக்கம் திரும்பினாய். கொஞ்ச நேரம் முயற்சி செய்தோம். ஆகவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆவாதுமே என்றாய். பரவாயில்லை, டிரைவர் பக்கத்தில் குந்திக்கினா போதும் என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று குரல் கொடுத்தாள். மாத்திரை எழுதி வாங்கிவரவா என்று கேட்டேன். வேணும்னா சொல்றேன் என்றாய். கடைசிவரை நீ கேட்கவில்லை. அதற்காக நான் ஏங்கவேயில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், சில நாள் ஏங்கினேன். அதையும் உன்னிடமே சொன்னேன். சொல்லிவிட்டு உன் தோளில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

போன வருஷம் நீ போனது புற்றுநோயால் இல்லை, நெஞ்சுவலியால். டீ குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். உன்னை ஐஸ் பெட்டியில் வைத்துக் கண்ணாடியை மூடினார்கள். திறக்கச் சொன்னேன். குளிர் போய்விடும், தள்ளி உட்காரு என்று உன் தங்கையும் மற்றவர்களும் தடுத்தார்கள். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. சர்ச்சிலிருந்து சாமியார் வரும்வரை உன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் என்னைப் பார்த்து, பாவம், அவருக்கு அந்த வியாதி வந்ததிலிருந்து நீ என்ன சுகத்தைக் கண்டாய் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். அந்தப் பாயில் படுத்த நாளிலிருந்து நீ போகும்வரை ஐந்து வருஷம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் படுப்போம், உன் கால் என் கால்மேல் கிடக்கும், எதையாவது பேசிக்கொண்டே தூங்கிப்போவோம். வேறு ஒன்றும் நடந்துவிடவில்லை. முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் நான் தேடித் தேடி அழுவது அந்த ஐந்து வருஷத்துக்குத்தான்.