டிராகன் படத்துக்கு நடுவே ஒரு பெண் பார்த்தல்

என் செல்ல அக்காவுக்கு,

இந்த நேரத்துல எழுதறதுக்கு மன்னிச்சுக்க. உன் பொண்ணு யாழி, என் பையன், எங்க ஊட்டுக்காரர் மூணு பேரும் தூங்கினாத்தான் எனக்கு இந்த வீட்டுல ஒரு மூலை கிடைக்குது. பகல்ல எழுத உட்கார்ந்தா யாழி வந்து தோளுக்கு மேல எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிச்சிடுவா. ரெண்டாம் வகுப்பு வந்துட்டா. அவகிட்ட இனி எதையும் மறைக்க முடியறதில்லை.

மறைக்க வேண்டிய விஷயம்தான். நம்ம மாமாவுக்கு, யாழியோட அப்பாவுக்கு, மறுபடியும் பெண் பார்த்திருக்காங்க.

சுத்தி வளைச்சுச் சொன்னா "இழுக்காமச் சொல்லுடி"ன்னு திட்டுவே. அதான் நேராச் சொல்லிட்டேன். பெண் பேரு சுகந்தி, ஊரு பல்லடம். கோழிக்குஞ்சு பொரிக்கிற கம்பெனி ஒண்ணுல ஆபீஸ் வேலை. முப்பது தாண்டிருச்சு, இதுதான் முதல் கல்யாணம். முப்பது தாண்டியும் ஏன் ஆகலை? அப்படியே ஆகலைன்னாலும், தாயில்லாத பிள்ளை இருக்கிற இடத்துக்கு ஏன் தலையாட்டறாங்க? "அப்பன் தவறிட்டாருங்க, தம்பிக ரெண்டு பேரையும் படிக்க வச்சுப்போட்டுத்தான் அந்தப் புள்ள தன்னையப் பத்தியே யோசிக்குது"ன்னு தரகர் சொன்னார். தரகர் சொல்றதை நம்பற ஆளா நான்?

காங்கேயத்துல மாமா வீட்டுப் பெரியவங்க ஒரு முறை வச்சிருக்காங்க. முதல் தாரத்தோட கூடப் பிறந்தவ பெண்ணை நேர்ல பார்த்து, சரின்னு வாயால சொல்லணும். அதுக்கப்புறம்தான் வெத்தலை மாத்துவாங்க. நம்ம அம்மா, "எனக்குத் தெம்பில்ல, நீயே பாத்துச் சொல்லிப்போடு கண்ணு"ன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. ஆக எல்லாம் என் ஒரு சொல்லுல நிக்குது. நான் சரின்னா யாழி இந்தச் சிங்காநல்லூர் வீட்டை விட்டுக் காங்கேயம் போயிடுவா. சரியில்லைன்னா இங்கேயே என்கிட்ட இருப்பா, மாமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து பார்த்துட்டுத் தனியாப் பஸ் ஏறுவார்.

எங்கே பார்க்கறதுன்னு கேட்க நான் சுகந்திக்கே போன் பண்ணினேன். "ஊட்டுல காபித் தட்டோட வந்து நிக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. பாப்பா பாத்துட்டு உக்காந்திருக்குமே, அதுக்கு என்னமோ மாதிரி இருக்குமுங்க. எங்காச்சும் படத்துக்குப் போலாமுங்களா? டிராகன் படம் ஒண்ணு ஓடுதுங்க."

போயும் போயும் கார்ட்டூன் படமா?

உனக்கு இது தெரிய வாய்ப்பில்லை அக்கா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியில இருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தப்ப, குழந்தை பார்க்க வேண்டாம்னு பெரியவங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணி, யாழியைப் பக்கத்து வீட்டுல கார்ட்டூன் போட்டு உட்கார வச்சாங்க. நாங்க இங்கே அழுதுக்கிட்டு இருக்கோம், சுவத்துக்கு அந்தப் பக்கம் உன் பொண்ணு சிரிக்கிறா. சாயங்காலம் கூட்டிட்டு வந்தப்ப நீ இல்லை. அன்னையிலிருந்து அவ கார்ட்டூன் பார்க்கிறதே இல்லை. என் பையன் டிவியில போட்டா எழுந்து போய், ஒவ்வொரு ரூமா எட்டிப் பார்ப்பா. எல்லாரும் இருக்கோமான்னு.

வேண்டாம்னுதான் சொல்லுவான்னு நெனச்சு யாழிகிட்டக் கேட்டேன். "போலாம் சித்தி"ன்னா. எனக்கு அதுலயே சந்தேகம். "யாரு சொல்லிக் குடுத்தா? அப்பா போன்ல ஏதாச்சும் சொன்னாரா?"ன்னு கேட்டேன். "இல்லையே, கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க"ன்னா. பாதிதான் நம்பினேன். ஸ்கூல் அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்புல, "இந்தப் படத்துல அம்மா சாகறாங்களா?"ன்னு போட்டேன். "சூப்பர் ஜாலி படம்"னு ஒருத்தி. "டிராகன் மட்டும் கொஞ்சம் அழும்"னு இன்னொருத்தி. குழந்தைகளுக்குன்னு எடுக்கிற படத்துல எல்லாம் அம்மாவை முதல்லயே காலி பண்ணி வைக்கிறது ஏன்னு எனக்குப் புரியறதே இல்லை.

சனிக்கிழமை மேட்னி. சுகந்தி பல்லடத்துல இருந்து தனியாப் பஸ்ல வந்து மால் வாசல்ல நின்னாங்க. துணைக்கு ஒரு ஆள் இல்லை. கையில ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட இல்லை. பிள்ளையைப் பார்க்க வர்றவங்க வெறுங்கையோடவா வருவாங்க? என் பார்வை போன இடத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்க போல. "பொம்மை கிம்மை வாங்கலாம்னுதான் இருந்தேனுங்க. அப்புறம் பாப்பாவுக்குப் புடிச்சது என்னையவா பொம்மையையான்னு எனக்கே தெரியாமப் போயிருமுங்களே"ன்னாங்க. தயார் பண்ணிட்டு வந்த பதில் மாதிரி இருந்துச்சு.

நடுவுல யாழி, அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். 3டி கண்ணாடியை வாங்கி என் முந்தானையில ரெண்டு தடவை துடைச்சுக் குடுத்தேன். எத்தனை பேர் போட்டதோ. சுகந்தி செருப்பைக் கழட்டிட்டுச் சீட்டு மேல காலை மடிச்சு உட்கார்ந்துட்டாங்க. பாப்கார்ன்ல பாதிக்கு மேல அவங்களே தின்னாங்க. இதையெல்லாம் நான் கவனிச்சு வச்சுக்கிட்டேன்.

படத்தைச் சொல்றேன் கேளு. பனி மூடின தீவு, கொம்பு வச்ச தொப்பி போட்ட வைக்கிங்குகள், எல்லாருக்கும் தாடி. ஒரு சின்னப் பொண்ணோட மீன் வலையில முட்டை ஒண்ணு மாட்டுது. அதிலிருந்து வர்ற டிராகனுக்குத் தீராத ஜலதோஷம். நெருப்புக் கக்க வேண்டிய நேரத்துல தும்மும், தும்மினா எங்கேயாச்சும் பத்திக்கும். ஊர்த் தலைவன் தாடியில பத்திக்கிச்சு. சமையல்காரன் ஓடிவந்து மீன் குழம்பை ஊத்தி அணைக்கிறான். எவன் டப்பிங் எழுதினானோ, அந்தச் சமையல்காரன் நம்ம பேச்சுப் பேசறான். "ஏனுங் தலைவரே, உப்பு பத்துமான்னு பாத்துச் சொல்லிப்போடுங்"னு அவன் கேட்க, தியேட்டரே இடிஞ்சு விழுந்துச்சு.

யாழியும் சிரிச்சா. சிரிச்ச உடனே திரும்பி என்னைப் பார்த்தா, அப்புறம் அந்தப் பக்கம் பார்த்தா. ஒவ்வொரு சிரிப்புக்கும் இதே வேலை. அவ எதுக்குப் பார்க்கிறான்னு எனக்குத் தெரியும். பக்கத்துல சுகந்தி, குஞ்சு பொரிக்கிற ஆபீஸ் இரைச்சலுக்கு மேல சிரிச்சுப் பழகின மாதிரி சத்தமாச் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பு நிஜமா நடிப்பான்னு பார்க்கிறதுலயே எனக்குப் பாதிப் படம் போச்சு. அந்தப் பொண்ணு முட்டையைக் காதுகிட்ட வச்சுக் குலுக்கினப்ப, "முட்டைய அப்பிடி ஆட்டக் கூடாது கண்ணு, குஞ்சு உள்ளயே..."ன்னு ஆரம்பிச்சுச் சட்டுனு நிறுத்திக்கிட்டாங்க. "டிராகன் செத்துப் போயிருமா ஆன்ட்டி?"ன்னு யாழி கேட்டா. "தெரியலயே, வா பாப்போம்."

பொய் சொல்லக் கூடாது, ஒரு இடத்துல நானும் மயங்கிட்டேன். டிராகன் முதல் தடவை பறந்து மேகத்துல இருந்து நேராக் கடலுக்குள்ள பாயுது. அந்தத் தண்ணி நம்ம மூக்குக்கு நேரா வருது. தியேட்டர்ல இருந்த குழந்தைங்க எல்லாம் கையை நீட்டித் தொடறாங்க. என் கையும் நீண்டிருந்துச்சு. நீ இருந்திருந்தா எந்திரிச்சே நின்னிருப்பே.

இடைவேளையில யாழி பாத்ரூம் போனப்ப, வாசல்ல நின்னு நேராவே கேட்டேன்.

"ஏனுங்க, இந்தப் படத்த நீங்க ஏற்கெனவே பாத்துட்டீங்களா?"

"ஆமாங்க. நேத்து லீவு போட்டுப்போட்டு வந்து பாத்தேன்."

"அப்ப பாப்பாகிட்டத் தெரியலைன்னு சொன்னீங்க?"

"சொல்லிப்போட்டா அப்புறம் படம் எதுக்குங்க?"

"சிரிச்சீங்களே."

"ரெண்டாவது தடவையும் சிரிப்பு வந்துருச்சுங்க. அந்தச் சமையல்காரன் வந்தாலே என்னால முடியறதில்லீங்க."

அப்புறம் அவங்களே குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க. "இனிமேல் ஒரு இடம் வருதுங்க. அந்தப் பொண்ணோட அம்மா போன படகு திரும்பி வரும், அம்மா மட்டும் வராது. முன்னாடியே உங்களுக்குச் சொல்லியிருக்கோணும், வேண்டாம்னுருவீங்களோன்னு பயந்துட்டேன். அந்நேரம் நான் எந்திரிச்சு வெளிய போயிர்றேனுங்க. பாப்பா அழுதா உங்க மடியில அழட்டும். யாருன்னே தெரியாத நான் பக்கத்துல இருந்தா அழுகையை முழுங்கிரும்."

குரூப்புல ஒருத்தியும் இதைச் சொல்லலையே அக்கா. அப்படியே யாழியைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடலாமான்னு இருந்துச்சு. அவ அதுக்குள்ள கையை ஈரத்தோட உதறிக்கிட்டு, "ஆரம்பிச்சிருவாங்க சித்தி, வாங்க"ன்னு இழுத்தா.

அந்த இடம் வந்துச்சு. பொண்ணு கரைக்கு ஓடறா, படகு வருது. சுகந்தி செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுக் குனிஞ்சு வெளியே போனாங்க. யாழி கண்ணாடியைக் கழட்டிட்டா. கண்ணாடி இல்லைன்னா திரையில எல்லாம் ரெண்டு ரெண்டாக் கலங்கித் தெரியும். கலங்கினதையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் தோள்ல கை போட்டேன். அழலை. வழக்கம் போலத் திரும்பி என்னைப் பார்த்தா, அந்தப் பக்கம் திரும்பினா. சீட்டு காலி.

"அந்த ஆன்ட்டி எங்க?"

"வெளிய போயிருக்காங்க கண்ணு, வந்துருவாங்க."

"செத்துட்டாங்களா?"

முன் வரிசையில ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். நான் பதில் சொல்றதுக்குள்ள உன் பொண்ணு என் கையை உதறிட்டு இருட்டுல படியில ஓடறா. பின்னாடியே நான். கதவுக்கு இந்தப் பக்கம், அந்த இருட்டு வழியில, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நின்ன இடத்துலயே படம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க சுகந்தி. யாழி போய் அவங்க சேலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. அப்பத்தான் அழுதா. ரெண்டு வருசமா நான் காத்துக்கிட்டிருந்த அழுகை அக்கா அது. அழுதுக்கிட்டே திட்டினா.

"படம் முடியற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. தெரியுதா? யாருமே."

சுகந்திக்கு முகமே செத்துப் போச்சு. "சாமி, எனக்குத் தெரியாதுங்க, நான் வேற நெனச்சு..."ன்னு என்னைப் பார்த்து என்னவோ சொன்னாங்க, முழுசா வரலை. பக்கத்து வீட்டுக் கார்ட்டூன் கதையை நான்தான் அவங்ககிட்டச் சொல்லவே இல்லையே.

மூணு பேரும் வந்து உட்கார்ந்தோம். என் கையையும் அவங்க கையையும் இழுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. பாப்கார்ன் எடுக்கக் கூட விடலை. கொஞ்ச நேரத்துல சமையல்காரன் டிராகனுக்கு மிளகு ரசம் வச்சுக் குடுத்தான், ஜலதோஷம் போச்சு, எதிரிக் கப்பலைப் பார்த்து முதல் தடவையா ஒழுங்கா நெருப்புக் கக்குச்சு. மூக்கு ஒழுகிக்கிட்டே யாழி சிரிச்சா பாரு. அந்தச் சிரிப்புக்கு அவ இந்தப் பக்கமும் திரும்பலை, அந்தப் பக்கமும் திரும்பலை. நேராத் திரையைப் பார்த்தே சிரிச்சா. நானும் சிரிச்சேன். நல்ல படம் அக்கா. பேர் எல்லாம் ஓடி முடிஞ்சு, கூட்டறவங்க வந்து நிக்கிற வரைக்கும் சுகந்தி எந்திரிக்கவே இல்லை. உத்தரவு வரணும்னு காத்திருந்தாங்க.

வீட்டுக்கு வந்து சாப்பிடறப்ப யாழி, "அந்த ஆன்ட்டி பல்லடம் போயிட்டாங்களான்னு கேளுங்க சித்தி"ன்னா. கேட்டேன். போய்ச் சேர்ந்துட்டாங்களாம்.

இப்ப உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, என் சந்தேகம் இன்னும் போகலை. இவ்வளவு யோசிக்கிறவங்க கல்யாணத்துக்கு அப்புறமும் யோசிப்பாங்களா? தனக்குன்னு ஒண்ணு பிறந்தா? முதல் நாள் தனியா வந்து படம் பார்த்தது பாசமா, கெட்டிக்காரத்தனமா? எல்லாத்தையும் அலசிட்டு, கடைசியா என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. நான் அவங்ககிட்டக் குறை தேடினது யாழிக்காகவா, யாழியை விட எனக்கு மனசில்லாததாலயா? எங்க ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். "தெரிஞ்சுக்கிட்டே கேக்கறயே"ன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டார்.

முடிவு பண்ணியிருக்கேன். காலையில காங்கேயத்துக்குப் போன் பண்ணிச் சரின்னு சொல்லப் போறேன். கூடவே நிபந்தனை ஒண்ணு. வருசப் பரிச்சை முடியற வரைக்கும் யாழி இங்கேதான். அதுவரைக்கும் வாரா வாரம் சுகந்தி இங்கே வந்து போகட்டும். நம்ம வீட்டு இட்லியைத் திங்கட்டும், உன் பொண்ணு பிடிவாதத்தைப் பார்க்கட்டும், நானும் பார்க்கறேன். காங்கேயம் அனுப்பினதோட நான் கை கழுவ மாட்டேன். சொல்லாம கொள்ளாமப் போய் நிப்பேன், சாப்பாட்டு நேரத்துல போய் நிப்பேன், அவங்களுக்கு எரிச்சல் வந்தாலும் போய் நிப்பேன். உனக்கு நான் குடுக்கிற வாக்கு இது.

ஆனா நான் ஏதாச்சும் பார்க்காம விட்டிருந்தா, உன் கண்ணுக்கு அது தெரிஞ்சிருந்தா, வெத்தலை மாத்தறதுக்கு முன்னாடி சொல்லிரு. கனவுல வா, இல்லை எப்படி முடியுமோ அப்படி வா. சீக்கிரம் பதில் சொல்லு அக்கா.

உன் கூடப் பிறந்தவ,
யாழியோட சித்தி