தண்ணீரில் கூப்பிட்டவன்

மார்ச் 4

அன்பு அண்ணாவுக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். குண்டுபட்டு மூழ்கிய சரக்குக் கப்பலின் சமையல்காரன் நான். கடலில் குதித்து நீங்கள் தூக்கி வந்தவன். உங்களுக்குப் பதக்கம் குத்தும் படத்தைப் பத்திரிகையில் பார்த்து, அவர்களிடமே விலாசம் வாங்கினேன். பதக்கம் வாங்கும்போதுகூடவா முகத்தை அப்படித் தூக்கி வைத்துக்கொள்வது!

இப்போது ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. மரத்துப்போன விரல்கள் தேறிவிட்டன. மே மாதம் எனக்குக் கல்யாணம். "உங்க பக்கம் பெரியவங்க யாருப்பா?" என்றார் பெண்ணின் அப்பா. அப்பா அம்மா இல்லாதவன் என்ன சொல்வேன்? "அண்ணன் இருக்காரு, கடற்படையில" என்று வாயில் வந்துவிட்டது. பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்து என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

அன்புத் தம்பி,
சமையல்காரன்

மார்ச் 15

சமையல்காரருக்கு,

விரல்கள் தேறியதில் மகிழ்ச்சி. கல்யாணத்துக்கு வர இயலாது. இனி என்னை அண்ணா என்று எழுத வேண்டாம்.

மாலுமி

மார்ச் 22

மதிப்பிற்குரிய ஐயா,

தப்பாக ஏதாவது எழுதிவிட்டேனா? தண்ணீரிலும் அப்படித்தானே கூப்பிட்டேன்? அதைக் கேட்டுத்தானே குதித்தீர்கள்? வராவிட்டால் போகிறது, கோபம் என்னவென்று மட்டும் சொல்லுங்கள். இதையே நினைத்துப் பாலைப் பொங்கவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சமையல்காரன்

ஏப்ரல் 2

சமையல்காரருக்கு,

கோபம் உங்கள் மேல் இல்லை. உங்கள் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தவன் என் தம்பி. நெடுநெடுவென்று வளர்ந்தவன், ஒட்டடைக்குச்சி என்றால்தான் உங்கள் ஆட்களுக்குத் தெரியும். "அண்ணா" என்று குரல் கேட்டதும் அவன்தான் என்று நினைத்து, உத்தரவை மீறிக் குதித்தேன். மேலே ஏற்றி, முகத்தில் அப்பியிருந்த எண்ணெயைத் துடைத்தால், நீங்கள். மறுபடி குதிக்கப் போனவனைப் பிடித்து வைத்துவிட்டார்கள்.

அவன் பக்கத்திலேயே கூப்பிட்டுக்கொண்டு கிடந்திருப்பான், நான் ஆள் மாறித் தூக்கிவிட்டேன். தினமும் அதுதான் என்னை அரிக்கிறது. நன்றாக வாழுங்கள். இனி எழுத வேண்டாம்.

மாலுமி

ஏப்ரல் 9

ஐயா,

இதை எழுதாவிட்டால் நான் மனிதனே இல்லை.

ஒட்டடைக்குச்சி தண்ணீருக்கே வரவில்லை. கப்பல் சாய்ந்ததில் சமையலறைக் கதவு இறுகிக்கொண்டது. அதை உடைத்து என்னை ஏணியில் ஏற்றிவிட்டதே அவர்தான். "நீங்களும் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "கீழ ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்கடா. நீ போ. பக்கத்துக் கப்பல்லதான் எங்க அண்ணன் இருக்காரு. அண்ணான்னு கத்து, வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். உடனே அந்தப் பக்கம் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது.

அவர் சொன்னபடிதான் கத்தினேன், ஐயா. அன்று எத்தனையோ கப்பல்கள் ஆட்களைத் தூக்கின, அந்த அண்ணன் நீங்கள்தான் என்று உங்கள் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது.

பெண் வீட்டில் எனக்கு யாரும் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சமையல்காரன்

ஏப்ரல் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அவன் போனதற்குப் பிறகு நேற்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

பெண் வீட்டில் உளறி வைக்காதே. நானும் அம்மாவும் முதல் நாளே வந்துவிடுகிறோம். பதக்கம் வராது, ஒட்டடைக்குச்சியின் படத்தில் மாட்டிவிட்டேன். ரயிலடிக் கூட்டத்தில் என்னைத் தேடி அலையாதே. ஒரு குரல் கொடு, வந்துவிடுவேன்.

உன் அண்ணன்