ஓசியில் வந்த துளி

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் தலையில் கட்டியிருப்பது ‘துளி’. நோயாளியின் எடையைக் கொடுத்தால் மருந்து எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டுச் சொல்லும் சின்னப் பேக்கேஜ். ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. மருத்துவமனைகளுக்கு நாங்கள் விற்கும் மென்பொருளுக்குள் நாலு வருடமாக உட்கார்ந்திருக்கிறது. இதுவரை பெரியவர்கள் வார்டில் மட்டும். அடுத்த மாதம் பச்சிளம் குழந்தைகள் வார்டுக்குப் போகிறது. அதனால் இது பாதுகாப்பானதா, தரமானதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“ஓசியில வந்தத நம்பவே கூடாதும்மா. நல்லா நோண்டிப் பாருங்க” என்றார் சீஃப். நாலு வருஷமா நோண்டாம என்ன பண்ணீங்க என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அந்த வார்டுக்குத்தான் நர்ஸாக இருக்கும் என் அண்ணியை மாற்றியிருக்கிறார்கள். திரையில் வரும் எண்ணைப் பார்த்து மருந்தை இழுக்கப்போவது அவர் கை. சும்மா கையெழுத்துப் போட முடியாது.

மார்ச் 5

துளியின் நிரலில் பிழை தேடும் ஸ்கேனர் இருநூற்றுச் சொச்சம் எச்சரிக்கைகளைக் கக்கியது. பாதி நாள் போயிற்று படித்தே. ஒன்று: விளக்கக் குறிப்பில் எழுத்துப் பிழை. இன்னொன்று: “பராமரிப்பவர் ஒருவரே.” ஆமாம், ஒருவர்தான். அதுக்கு நான் என்ன பண்ண? துணைக்கு இன்னொருத்தரப் பெத்துப் போடவா?

வீட்டில் புலம்பினேன். “கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படி ஸ்கேன் பண்ணியிருக்கலாமே” என்றார் வீட்டுக்காரர்.

“பண்ணியிருந்தா நீங்க இங்க உக்காந்து காபி குடிச்சிட்டு இருக்க மாட்டீங்க.”

மார்ச் 9

மாட்டியது! எங்கள் மென்பொருளில் ஒரு குறைமாதக் குழந்தையின் எடையைப் போட்டுப் பார்த்தேன். 0.15 மில்லி என்று வர வேண்டும். 0.2 என்று வருகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

சந்தேகத்துக்கு அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏம்மா, 0.15னா 0.15தான். சிரிஞ்சுல அத்தனை கோடு எதுக்குப் போட்டிருக்கான், அழகுக்கா?”

துளியை எழுதியவருக்கு மெயில் போட்டேன். கொஞ்சம் காரமாகத்தான்.

மார்ச் 10

பதில் ஒரே வரி: “என்னிடம் 0.15 என்றே வருகிறது.”

அவ்வளவுதான். வணக்கம்கூடக் கிடையாது. இந்தத் தொழிலில் கேட்டதுமே ரத்தம் கொதிக்கும் வாக்கியம் இதுதான்.

மார்ச் 12

ஆசாமி யார் என்று தேடினேன். கால்நடை மருத்துவர்!

சீஃப் விழுந்து விழுந்து சிரித்தார். “மாட்டு டாக்டர் எழுதினதையா பச்சப் புள்ளைக்குக் குடுக்கறது?” நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சூட்டிலேயே இரண்டாவது மெயில்: “விலங்குகளுக்கு இந்தத் துல்லியம் போதும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நாங்கள் மனிதர்களுக்கு வேலை செய்கிறோம்.” அனுப்பியதும் மனசு குளுகுளு என்று இருந்தது.

மார்ச் 16

பதில் வந்துவிட்டது. “பிறந்த பூனைக்குட்டி நூறு கிராம் இருக்கும். அதற்காகத்தான் துளியை எழுதினேன். உங்களிடம் உள்ள கோப்பின் கைரேகையும் நான் வெளியிட்டதன் கைரேகையும் ஒன்றா என்று பார்த்தீர்களா?”

கைரேகை என்றால், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மொத்தமாக மாறிவிடும் ஒரு நீள எண். ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. நான் பார்க்கவில்லை. ஸ்கேனரில் போட்டது இணையத்திலிருந்து இறக்கிய புதுப் பிரதி. கணக்குப் போட்டுப் பார்த்தது எங்கள் மென்பொருளுக்குள் கிடக்கும் பிரதி. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன் — எதை வச்சு நெனச்சேன்?

ஒப்பிட்டேன். ஒன்றல்ல.

மார்ச் 17

அலுவலகம் ரெண்டுபட்டது. “ஹேக் பண்ணிட்டாங்க! எவனோ வெளியாள் உள்ள பூந்துட்டான்!” என்று சீஃப் ஒவ்வொரு அறையாகப் போய்க் கத்தினார். எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னார். கணக்குப் பிரிவுக்காரர் தன் கம்ப்யூட்டருக்குள் போக முடியாமல் என்னிடம் வந்து சண்டை போட்டார். நான் என்ன செய்தேன் அவரை? சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மார்ச் 18

இரண்டு பிரதிக்கும் வித்தியாசம் ஒரே ஒரு வரி. விடையை ஒரு தசமத்துக்குச் சுருக்கும் வரி. யார் சேர்த்தது என்று பழைய பதிவுகளைத் தோண்டினேன். நாலு வருடம் முன்பு. பக்கத்தில் ஒரு குறிப்பு: “இரண்டு தசமம் திரையில் எண் காட்டும் பெட்டியில் அடங்கவில்லை.”

கீழே சீஃப்பின் பெயர்.

அட கடவுளே! பெட்டி சின்னதுன்னு மருந்து அளவையே வெட்டியிருக்காரு! பெட்டியப் பெருசாக்கணும்னு தோணலையா? சட்டை பத்தலைன்னா கையையா வெட்டுவாங்க? பெரியவர்களின் உடம்புக்கு அந்தத் துக்குணூண்டு வித்தியாசம் உறைக்கவில்லை. குழந்தைக்கு?

மார்ச் 19

இரண்டு பிரதிகளையும் அச்செடுத்து சீஃப்பின் மேசையில் வைத்தேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

“அன்னிக்கு அவசரம்மா. மறுநாள் டெமோ.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரிப்போர்ட்ல, ஓசிப் பேக்கேஜ்ல பிழை, சரி பண்ணிட்டோம்னு போட்டுடுங்க. மாட்டு டாக்டருக்கு என்ன கொறஞ்சிடப்போகுது? நம்மகிட்ட சம்பளமா வாங்கறாரு?”

வந்ததே கோபம். “சம்பளம் வாங்காம அவரு ஒழுங்கா எழுதிக் குடுத்திருக்காரு சார். சம்பளம் வாங்கிட்டு நாமதான் கெடுத்து வச்சிருக்கோம்.”

சொல்லிவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வேலை போயிடுமோ? போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வயசும் இல்ல, வசதியும் இல்ல.

மார்ச் 20

அறிக்கை கொடுத்துவிட்டேன். துளி: தேறியது. எங்கள் மென்பொருள்: தேறவில்லை. கீழே என் கையெழுத்து.

டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சண்டைக்கு எழுதும்போது சரளமாக வந்த வார்த்தைகள் இதற்கு வந்து தொலைக்கவில்லை.

மார்ச் 23

சீஃப் பேச்சை நிறுத்திவிட்டார். லிஃப்டில் என் பக்கத்தில் நின்றுகொண்டு கதவையே பார்த்தார்.

டாக்டரின் பதில்: “பரவாயில்லை. மாடு உதைத்தால் நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை.”

ஆக, நான் மாடு. இருக்கட்டும், உதைத்தது நிஜம்தானே.

மார்ச் 26

இன்னும் பேசவில்லை.

மார்ச் 31

சீஃப் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வரியை அவரே எடுத்துவிட்டாராம். பெட்டியையும் அகலமாக்கியிருக்கிறார். பெரியவர்கள் வார்டுகளுக்கும் திருத்தம் போய்விட்டது. “கைரேகையப் பாருங்க” என்றார். பார்த்தேன். அச்சு அசல் டாக்டர் வெளியிட்டதேதான். புதிதாக எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

எழுந்தவர் போகவில்லை. “அப்பல்லாம் நான் அவசரத்துல நெறைய கை வச்சிருக்கேம்மா. மத்ததையும் நோண்டிடுங்க.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எத்தனை கோப்புகளோ! இந்த வருஷம் எனக்கு லீவு கிடைத்த மாதிரிதான்.

ஏப்ரல் 9

வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணி கூப்பிட்டார். “இன்னிக்குத்தான் ஆரம்பிச்சாங்க. மொதல் கொழந்தைக்கு நான்தான் குடுத்தேன். மூஞ்சிய ஒரு சுளி சுளிச்சுது பாரு! ஆமா, ஏம்மா அந்தப் பெட்டிய இவ்ளோ பெருசா போட்டிருக்கீங்க? வாசல்ல நின்னாலே தெரியுது.”

“எவ்வளவு காட்டிச்சு அண்ணி?”

சொன்னார். போனை வைத்ததும் மாட்டு டாக்டருக்கு எழுதினேன், ஒரே வரி:

“எங்களிடமும் 0.15 என்றே வருகிறது.”