பதினொரு நாள் காத்திருந்த பின்னூட்டம்

பூம்பாறை
12 ஜனவரி 2025

என் அன்புத் தேவசேனாவுக்கு,

குழந்தை வேலப்பர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். என்மேல் உள்ள கோபத்தைத் தவிர வேறு எந்த உபாதையும் உனக்கு இருக்கக் கூடாது. இந்த வாரம் மூன்று தடவை கூப்பிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. சரி, கையில் கொண்டுவந்து கொடுக்கிற கடுதாசியை வாங்காமல் இருக்க முடியாதல்லவா? மேலத்தெரு வேலப்பன் லீவு முடிந்து உங்கள் மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். இதையும் இரண்டு கிலோ பூண்டையும் அவரிடம் கொடுத்து விடுகிறேன். பெட்டியெல்லாம் வாடை ஏறும் என்று முனகினார். நம் ஊர்ப் பூண்டு மணக்காமல் வேறு என்ன மணக்கும் என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

பனி இந்த வருஷம் கடுமை. உருளைக்கிழங்குச் செடி கருகிப்போயிற்று, பூண்டு தப்பித்தது. நேற்று பள்ளிக்கூட வாசலில் ஒரு காட்டுமாடு அரை மணி நேரம் அசையாமல் நின்றது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், ஹெட்மாஸ்டருக்குத்தான் உதறல். இதையெல்லாம் என் வலைப்பூவில் படித்திருப்பாய். நீ படிக்கிறாய் என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

அந்த வலைப்பூவைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். ஆறு வருஷமாக ஒரு வாரம் விடாமல் எழுதுகிறேன். எங்கெங்கோ பிழைக்கப் போன நம் மலைக்காரர்கள் அதைத் திறந்துதான் ஊர் நிலவரம் தெரிந்துகொள்கிறார்கள். கொடைக்கானல் ரோட்டில் சரிந்து கிடந்த தடுப்புச்சுவரைப் படம் பிடித்துப் போட்டேன், பத்தாம் நாள் ஆள் வந்து கட்டினார்கள். டீச்சர் முருகேஸ்வரி என்றால் யாருக்கும் தெரியாது, வலைப்பூ டீச்சர் என்றால் பஸ் கண்டக்டர்கூட வீட்டைக் காட்டுவார். அது எனக்கு வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் வந்து பின்னூட்டம் எழுதலாம், ஆனால் நான் பார்த்து அனுமதித்தால்தான் அது மற்றவர்கள் கண்ணில் படும். சாவி என் இடுப்பில்.

போன மாதம் அதில் நம் பஸ் கதையை எழுதினேன். உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் வாயால் திருப்பிச் சொன்னால்தான் எனக்கு உறைக்கும். நாம் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது காலை பஸ் நம் ஊர் வளைவில் நிற்காது. மேல் கிராமத்துக் கூட்டத்தையும் மூட்டைகளையும் அடைத்துக்கொண்டு, நாம் கை காட்டக் காட்டக் கடந்துபோகும். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனால் அதிசயம். ஒரு நாள் நடுரோட்டில் உட்கார்ந்து அதை மறித்ததும், மறுநாளிலிருந்து பஸ் அங்கே நின்றதும், இன்றுவரை நிற்பதும் சத்தியம். ஆனால் உட்கார்ந்தது நான் என்று எழுதிவிட்டேன்.

நூற்று நாற்பது பேர் பாராட்டினார்கள். ஒருவர் 'சிங்கம் டீச்சர்' என்று எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு அடுத்ததாக உன்னுடையது வந்தது. எழுத்து விடாமல் மனப்பாடமாகிவிட்டது. "நடுரோட்டுல உக்காந்தது நானு. நீ என் பைய வச்சுக்கிட்டு ஓரமா நின்ன. ரோடு ஈரமாக் கெடந்துச்சு, பாவாடை நனைஞ்சு போச்சு. எந்திரிச்சா பஸ்ஸுல உள்ளவுக சிரிப்பாகளேன்னுதான் கடைசி வரைக்கும் எந்திரிக்கல." கீழே உன் பெயர், அவ்வளவுதான்.

அடியம்மா, எனக்கு வந்த கோபம்! என் வாசலில் நின்றுகொண்டு என்னையே பொய்க்காரி என்கிறாளே, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கொதித்தேன். பதினொரு நாள் அதை யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஒன் பக்கந்தான, அழிச்சுப்புட்டு சோலியப் பாரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். எனக்குச் சாதகமாகத்தான் சொன்னார், அப்படியும் அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அன்றைக்கு அவர் சாப்பிடாமலே தோட்டத்துக்குப் போனார்.

பொய் எழுத வேண்டும் என்று உட்கார்ந்து எழுதவில்லையடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பில் இதைச் சொல்லும்போது என் சிநேகிதி உட்கார்ந்தாள் என்றுதான் சொன்னேன். கொஞ்ச வருஷத்தில் நாங்கள் உட்கார்ந்தோம் என்றேன். பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்கக் கேட்க நீ கதையிலிருந்து நழுவிவிட்டாய். கடைசியில் அந்த ரோட்டில் நான் உட்கார்ந்ததாக எனக்கே நினைப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள், என்னிடம் எட்டாம் வகுப்பு படிக்கும் பெர்லின் ஒரு பின்னூட்டம் போட்டாள். செண்பகனூர்ப் பிள்ளை, கேள்வி கேட்டே என்னைக் கொல்கிறவள். "டீச்சர், பஸ் கிட்ட வந்தப்ப என்ன நினைச்சீங்க? பயமா இல்லியா?" பதில் எழுத உட்கார்ந்தேன். துணிவு, உரிமை என்று என்னென்னவோ எழுதினேன், படித்துப் பார்த்தால் சுதந்திர தினப் பேச்சு மாதிரி இருந்தது. அழித்தேன். எனக்கு உண்மையில் தெரிந்ததெல்லாம் உன் பையின் வார் தோளை அறுத்ததும், பஸ் சத்தம் கிட்டே வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டதும்தான். பஸ் நின்றதை நான் பார்க்கவே இல்லை தேவசேனா. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில், நான் பூட்டி வைத்திருந்த உன் நாலு வரியில் இருந்தது.

நீ மறித்த மறுநாள் பஸ் நின்றது, நீ ஏறவில்லை. "நடுரோட்டுல உக்காந்தவள எவன் கட்டுவான்?" என்று உங்கள் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். அடுத்த தையில் உன்னைப் பாலசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். நீ நிறுத்திக் கொடுத்த பஸ்ஸில் ஏறிப் போய் நான் டீச்சரானேன். இதில் ஒரு வார்த்தையைக்கூட நீ எழுதவில்லை பார். நானாக இருந்தால் முதல் வரியே அதுதான். எனக்கு வேலை இருக்கிறது, ஊரில் பெயர் இருக்கிறது. உனக்கென்று இருந்த அந்த ஒரு காலை நேரத்தையும் எடுத்து என் கணக்கில் எழுதிக்கொண்டேனே, வெட்கமாக இருக்கிறது.

பெர்லின் கேட்ட அன்றைக்கே உன் பின்னூட்டத்தைத் திறந்துவிட்டேன். பதிவை அழிக்கவில்லை. அழித்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிடும். அதன் தலையில், 'உட்கார்ந்தவள் தேவசேனா. பையோடு ஓரமாக நின்றவள் நான். இத்தனை நாள் மாற்றிச் சொல்லிவிட்டேன்' என்று எழுதி, அதற்குக் கீழே உன் நாலு வரியையும் வைத்தேன். ஊரறியப் பெருமையடித்தவளுக்குத் திருத்தமும் ஊரறியத்தான் வர வேண்டும். நீ செய்ததுதான் சரி.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். டீச்சரே இப்படியா என்று கேட்டார்கள். 'சிங்கம்' என்றவர் 'நரி' என்று திருத்திக்கொண்டார். அத்தனையையும் அனுமதித்துவிட்டேன், ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், சிரிக்காதே. ஆனால் பெரிய பெருமை வேறு. உன் பெயருக்குக் கீழே இப்போது முந்நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த வளைவில் ஏறிப் படித்த பெண்கள், நர்ஸ், வக்கீல், பேங்க்காரி என்று ஒவ்வொருத்தியாக வந்து உனக்கு நன்றி சொல்கிறார்கள். உன் மகள் சுசித்ரா எனக்குப் போன் செய்தாள். "பெரியம்மா, எங்க அம்மாவா? எங்க அம்மாவா அப்பிடி உக்காந்தாங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாயே, நீ என்ன பிறவியடி! ஆமாம் கண்ணு, உங்க அம்மாதான் என்று நானும் மூன்று தடவை சொன்னேன்.

வலைப்பூவுக்கு உன் பெயரிலும் ஒரு சாவி போட்டிருக்கிறேன். கடவுச்சொல் தனிச் சீட்டில், பூண்டுப் பைக்குள் இருக்கிறது. இனி நீ எழுதுவது எதுவும் என் அனுமதிக்காகக் காத்திருக்காது. என்னைத் திட்டி எழுதினாலும் சரி. அங்கே நீ வேலை செய்கிற வீட்டில், எழுந்து நடக்க முடியாத அந்தப் பாட்டியைத் தூக்கி இறக்கும்போது உன் இடுப்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

குழந்தை வேலப்பர் உன்னைச் சீக்கிரம் லீவில் அனுப்பி வைக்கட்டும். வரும்போது கொடைக்கானலில் இறங்கி டாக்ஸி பிடித்துவிடாதே. பஸ்ஸிலேயே வா. நம் வளைவில் நிற்கும். நான் அங்கே ஓரமாக நின்றுகொண்டிருப்பேன். நீ இறங்கியதும் உன் பையை என்னிடம் கொடு.

கண்ணை மூடாமல் காத்திருக்கும்,
முருகேஸ்வரி