பதினோராம் வரிசையின் அச்சுப்பிழை

இன்று காலை ஜூஜுவாடி போகும் ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்த பெண் பழைய ஸ்வெட்டர் ஒன்று போட்டிருந்தாள். நெஞ்சுக்குக் குறுக்கே எட்டிதழ்ப் பூக்கள். ஒவ்வொரு பூவிலும் ஓரிதழின் நுனி மட்டும் கிள்ளி எடுத்ததுபோல் இருந்தது. நம் கம்பெனியில் ஏற்றுமதிக்குப் போய் மிஞ்சிய சரக்கு. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கியிருப்பாள். இறங்கும் வரை அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

நான் கம்ப்யூட்டரில், ஒரு கண்ணிக்கு ஒரு கட்டம் என்று, கட்டம் கட்டமாக ஸ்வெட்டர் டிசைன் போடுகிறவள். நீ சாம்பிள் பிரிவில் அதை முதலில் பின்னிப் பார்க்கிறவள். அதற்கு முன் கிருஷ்ணகிரியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்தவள். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். பெங்களூர் பழைய புத்தகக் கடைகளில் பின்னல் புத்தகங்களைத் தேடி வாங்குவாய். ஒரே புத்தகத்தின் இரண்டு பதிப்புகள் கிடைத்துவிட்டால் அன்று முழுக்க உனக்குச் சந்தோஷம். இரண்டையும் அருகருகே வைத்து, பென்சிலோடு படிப்பாய்.

"முன்னெல்லாம் இந்த மாதிரி புத்தகத்துல பாதிக்கு மேல கட்டமே இருக்காது பாரு. அத்தனையும் எழுத்துதான். பக்கம் பத்தலன்னு வார்த்தைய சுருக்கிப் போட்டிருக்காங்க. அந்தச் சுருக்கத்தத்தான் நாம இன்னிக்கும் பேசிட்டு இருக்கறோம்" என்றாய் ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில். அது உன் கணிப்பு. சரியா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. "கட்டம் வந்தப்புறம் பாஷை தெரியாதவங்களும் பின்னலாம். எனக்கு இங்கிலீஷ் அரைகொறைதான். எண்ணத் தெரிஞ்சாப் போதும்."

நீ லீவில் இருந்த ஒரு வாரத்தில், உன் டிராயரில் இருந்த புத்தகத்திலிருந்து அந்தப் பூவை எடுத்தேன். அவசரமாக ஒரு டிசைன் கேட்டிருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

சரக்கு போன பிறகு வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. அது வேறொரு கம்பெனியின் பூவாம், நாம் திருடிவிட்டோமாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நானே வரைந்தது என்றேன். அவர்கள் அனுப்பிய படத்தைக் காட்டினார். அதே பூ, அதே கிள்ளிய இதழ். விசாரணை முடியும் வரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். சாம்பிள் பிரிவு முழுக்க அது பரவிவிட்டது. நீ என் மேசைக்கு வரவில்லை. அந்தப் படத்தை மட்டும் யாரிடமோ வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் காலை மேனேஜரே போன் செய்து என்னை வரச் சொன்னார். போனபோது அவர் மேசையில் அந்தப் புத்தகத்தின் உன் இரண்டு பதிப்புகளும் விரித்தபடி இருந்தன. நீ நின்றுகொண்டிருந்தாய்.

"இது முதல் பதிப்புங்க சார். பூ முழுசா இருக்குது. இது அடுத்த பதிப்பு. பதினோராவது வரிசையப் பாருங்க, ஒரு கட்டம் கறுப்பா விழாம வெள்ளையா நின்னுடுச்சு. அச்சுப்பிழை. அவங்க பூவுலயும் அதே கட்டம் இல்ல, நம்ம பூவுலயும் இல்ல. ரெண்டு பேருக்கும் முன்னாடியே இந்தப் புத்தகம் வந்துடுச்சுங்க சார்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீயே வரைஞ்சேன்னு சொன்னியேம்மா?"

என் வேலையைக் காப்பாற்றிய அந்தப் பக்கமேதான் என் பொய்யையும் காட்டிக்கொடுத்தது. நீ என்னைப் பார்க்காமல், "எங்கியோ பாத்தது மனசுல நின்னிருக்கும் சார்" என்றாய்.

புத்தகத்தின் படங்களை அனுப்பியதும் அந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கை மெமோவோடு போயிற்று.

அன்று கேண்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "எப்ப எடுத்தே?" என்றாய்.

"நீ லீவுல இருந்தப்ப."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

அவ்வளவுதான். அதன் பிறகும் என்னோடுதான் சாப்பிட்டாய். புதிதாக வாங்கிய புத்தகங்களைக் காட்டினாய். பார்த்து முடிந்ததும் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாய். டிராயரில் வைப்பதை நிறுத்திவிட்டாய். அதை நான் கவனித்தேன் என்று உனக்கும் தெரியும். உனக்குச் சிறுநீரகம் கெட்டு வேலையை விட்ட நாள்வரை நாம் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது டிசைன் பிரிவில் என் கீழே நான்கு பேர். போன வாரம், மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பெண் ஒரு பூங்கொடி டிசைன் வரைந்து காட்டினாள். அழகாக இருந்தது. எங்கேயோ பார்த்ததுபோலவும் இருந்தது.

"இத எங்கிருந்தும்மா எடுத்தே?" என்றேன். குரலை உயர்த்தாமல் கேட்க முயன்றேன். நீ கேட்டதுபோல் எனக்கு வராது.

அவள் திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒரு பழைய புத்தகத்துல இருந்துக்கா. கொண்டு வந்து காட்டவா?" என்றாள்.

கொண்டு வா என்றேன்.