சக்கரத்துக்கு வேலி

எடிசன், நியூஜெர்சி
நவம்பர் 2, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அதன் மூலையில் ஒரு குங்குமப் பொட்டு காய்ந்திருந்தது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

பேஸ்மென்ட்டில் ஹீட்டர் பக்கத்தில் அம்மா வெங்காய வடகம் காயப் போட்டிருக்கும் கம்பி வலையைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முன்பிருந்தே அங்கே கிடக்கிறது. சுற்றிலும் இரும்புச் சட்டம், நாலு மூலையிலும் போல்ட் ஓட்டை. பழைய சாமான் கடையில் வாங்கிய தட்டு என்று நினைத்திருந்தேன். ஆனால் தட்டுக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? ஆயுத பூஜைக்கு உங்கள் மாவு மில்லில் மெஷின்களுக்குத்தான் வைத்தோம். நான் சந்தனம் கரைத்துக் கொடுக்க, அம்மா ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தார்.

மாமா, இது பெரிய கிரைண்டரின் பெல்ட் கவர்.

அம்மாவைக் கேட்டேன். "பூசைக்குத் தொடைக்கறக்குக் கழட்டுனது கண்ணு. தீவாளி ஆர்டரு தலைக்கு மேல இருந்துச்சு. மாவு சிந்தறப்பெல்லாம் போல்ட்டக் கழட்டி மாட்டீட்டு இருக்க முடியாதுன்னு வெள்ளியங்கிரி அப்படியே ஓட்டச் சொல்லீட்டான். இதக் குப்பைல போடப் போனான். வல நல்லா இருக்குதேன்னு நாந்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றார். அப்புறம் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "என்ற கைக்குக் காவலா இருக்க வேண்டியது வடகத்துக்குக் காவலா இருக்குது பாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். சிந்திய மாவை அம்மா துணியால் துடைத்தார். பெல்ட் துணியை இழுத்தது, துணி கையை இழுத்தது. ஆஸ்பத்திரியில் மேனேஜர் வெள்ளியங்கிரி அண்ணன் உங்களுக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு வந்து டாக்டரிடம், "ஹோம் கிச்சன், மிக்ஸி, ஹோம் கிச்சன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேப்பரில் அப்படியே ஏறிவிட்டது.

இரண்டு விரல் போய்விட்டது. மூன்றாவது விரல் மடங்க மாட்டேன் என்கிறது. நரம்பை இழுத்துத் தைக்க இன்னோர் ஆபரேஷன் வேண்டுமாம். வீட்டில் நடந்தது என்றால் அந்தச் செலவு முழுக்க எங்களுடையது. மில்லில் நடந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மில் இன்சூரன்ஸ் கொடுத்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணி சொன்னார். சொல்லுங்கள் மாமா.

போனில் என்றால் எனக்கு "சரிங்க மாமா" தவிர வேறெதுவும் வாயில் வராது. அதனால்தான் இமெயிலில் எழுதுகிறேன். டிசம்பர் கூட்டத்தில் நீங்கள் பேசப் போகும் தொழிலாளர் வரலாற்றுப் பேச்சின் முதல் பகுதியை டைப் பண்ணி இத்துடன் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் புரியாத இடங்களில் கோடு போட்டிருக்கிறேன்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் மருமகள்,
தென்றல்


பிளசன்டன், கலிஃபோர்னியா
நவம்பர் 7

அன்பு மருமகள் தென்றலுக்கு மாமா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. இளமாறனும் அவன் மனைவியும் ஆபீஸ், வீடு என்று ஓடுகிறார்கள். பேரன் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். நீ டைப் பண்ணி அனுப்பியதை இளமாறனிடம் காட்டி, "பத்தாவதோட நின்ன புள்ள, பாரு" என்றேன். பள்ளிக்கூடத்தை நீ விட்டாலும் தமிழ் உன்னை விடவில்லை.

அம்மா விஷயம். நாகரத்தினம் என் கூடப் பிறந்தவள். அவள் விரல் போனது எனக்குப் போனது மாதிரிதான். ஆனால் ஓடுகிற மெஷின் பக்கம் துணியைக் கொண்டுபோனது யார்? சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கவனம் பத்தாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும். இப்போது மாற்றினால், முதலில் பொய் சொன்னது யார் என்று இன்சூரன்ஸ்காரன் கேட்பான். அது உன் அம்மா தலையில்தான் விழும். நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணப் போகிறவள். நான் சொல்வது புரிகிறதா கண்ணு? ஆபரேஷனை ஊருக்குப் போய் கோயமுத்தூரில் செய்துகொள்ளலாம். டிக்கெட் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கவரை வெள்ளியங்கிரி வந்தால் கொடுத்துவிடு.

பேச்சில் ஆறாம் பக்கத்தில் இதைச் சேர்க்க வேண்டும்:

"1881இல் இந்தியாவில் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான சக்கரங்களுக்கு வேலி போடச் சொன்னது. நூறு பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தை அது தொழிற்சாலை என்றே எண்ணவில்லை. தேயிலை, காப்பித் தோட்டங்களையும் விட்டுவிட்டது. எந்தெந்தச் சக்கரம் ஆபத்தானது என்பதைப் பெரும்பாலும் இன்ஸ்பெக்டரே முடிவு செய்வார். பஞ்சாலையில் கையை இழந்த பெண்ணிடம் போய் என்ன நடந்தது என்று கேட்டவர் யார்? கவனக்குறைவு என்ற ஒரே சொல்லில் முதலாளி அவள் கதையை முடித்தான்."

'கவனக்குறைவு' தடித்த எழுத்தில் இருக்கட்டும். அந்த இடத்தில் நிறுத்தப் போகிறேன். கைதட்டு வரும்.

ஆசியுடன்,
மாமா கிட்டுசாமி


எடிசன்
நவம்பர் 12

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறாம் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

நேற்று வெள்ளியங்கிரி அண்ணன் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் நின்றுகொண்டு, "அம்மிணி, அந்த வலையக் குடு, போறேன்" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? உங்க மாமன் சொல்லித்தான் வந்துருக்கேன்" என்றார்.

உள்ளே இருந்து அம்மாதான் பதில் சொன்னார். "வடகம் இன்னும் காயலப்பா. ஈரத்தோட எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

"இத்தன நாளாவா காயல?"

"வெயில் இருந்தாத்தான காயும். உங்க முதலாளிகிட்டச் சொல்லி ஒரு மூட்ட வெயில் அனுப்பச் சொல்லு."

அவர் போய்விட்டார். அவர் கார் தெருவைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டிருந்த அம்மா அப்புறம் அழுதார். "என்ற அண்ணனா இப்படிச் சொல்லுச்சு, கவனம் பத்தாதுன்னு?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

மாமா, லேபிள் ஒட்டும் மேஜையிலிருந்து பார்த்தால் பெரிய கிரைண்டர் நேராகத் தெரியும். இப்போது புதிதாக வேலைக்கு வந்த தாமரைச்செல்வி அக்கா அதில் நிற்கிறார். கவர் இல்லாமல்தான் ஓடுகிறது. அவர் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டுதான் நிற்கிறார், ஆனால் குனியும்போது நழுவுகிறது. ஒவ்வொரு முறையும் நான் லேபிளைக் கோணலாக ஒட்டிவிடுகிறேன்.

கவரை நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அது மெஷினில்தான் இருக்க வேண்டும். பூஜையிலிருந்து அது கழன்றுதான் இருந்தது, அம்மா கை போனது மில்லில்தான் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அன்றைக்கே நானே கொண்டுபோய் மாட்டிவிடுகிறேன். கோயமுத்தூர் ஆபரேஷன் அம்மாவுக்கு வேண்டாம். போனால் இந்த மில் விஷயமே அத்தோடு முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் மருமகள்,
தென்றல்


பிளசன்டன்
நவம்பர் 15

தென்றலுக்கு,

உன் கடிதத்தைப் பிரின்ட் எடுத்து மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அத்தையிடம்கூடக் காட்டவில்லை. காட்டினால் நீ எழுதியிருக்கும் லட்சணத்துக்கு அவள் உன்னை இந்த ஜென்மத்தில் வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள்.

தாய்மாமனிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறாயா? யார் சொல்லிக் கொடுத்தது? உனக்கு இவ்வளவு யோசனை வராது. வகுப்பில் எழுந்து நின்று பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஸ்கூலை விட்டவள் நீ. அப்போது உன் டீச்சரிடம் போய்ப் பேசியது யார்? வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மில்லில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தது யார்? உன் அப்பா இறந்தபோது யார் வந்தது என்று உன் அம்மாவையே கேள். நான் அப்ளை பண்ணிப் பதினாலு வருஷம் காத்திருந்துதான் உங்கள் கிரீன் கார்டு வந்தது. நீங்கள் தூங்குகிற பேஸ்மென்ட் யார் வீட்டில் இருக்கிறது?

சட்டம் பேசாதே. இந்த நாட்டில் பத்துப் பேரோ அதற்குக் குறைவோ இருக்கிற இடத்தில் அடிபட்டதை ரெஜிஸ்டரில் எழுத வேண்டியதே இல்லை. நம்மிடம் இருப்பது ஒன்பது பேர். பத்தைத் தாண்டி ஆள் எடுக்காமல் நான் ஏன் இருக்கிறேன் என்று நினைத்தாய்? தெரிந்துதான் தொழில் செய்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய கடைக்காரர்கள் மில்லைப் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டால் இருபது கடையில் நம் மாவு இருக்கும். மெஷின் ஊரிலிருந்து வந்தது. புதுக் கவர் வர இரண்டு மாதம் ஆகும். அதனால் அந்தக் கவர் வியாழக்கிழமைக்குள் மெஷினில் இருக்க வேண்டும். பொட்டை நன்றாகத் துடைத்துவிட்டுக் கொடு.

தாமரைச்செல்வியைப் பற்றி உனக்கு அவ்வளவு கவலை என்றால் இன்றைக்கே கொடுத்துவிடலாமே. கவரை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்காக அழுவது யாருக்கு உதவும்?

கிட்டுசாமி


பிளசன்டன்
நவம்பர் 19

பதில் இல்லை. பேச்சின் கடைசிப் பகுதியும் வரவில்லை. நாளை மாலை வெள்ளியங்கிரி சாவியோடு வருவான். நீ கதவைத் திறக்க வேண்டியதில்லை.

கி.


எடிசன்
நவம்பர் 20

மாமாவுக்கு,

பேச்சின் கடைசிப் பகுதி இத்துடன் இருக்கிறது. ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. கைதட்டு வர வேண்டிய இடங்களில் நீங்கள் சொன்னபடி இடைவெளி விட்டிருக்கிறேன். லேப்டாப்பை வாஷிங் மெஷின் மேல் வைத்திருக்கிறேன். பேஸ்மென்ட் சாவியும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் துணிமணிகளைத் தாமரைச்செல்வி அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது.

நீங்கள் கடைசியாகக் கேட்டது சரியான கேள்விதான். அதற்குப் பதில் தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கவரைக் கொடுத்தால் அக்கா கை பிழைக்கும், அம்மா கை போனது வீட்டு மிக்ஸியில் என்று ஆகிவிடும். கொடுக்காவிட்டால் அம்மா பக்கம் உண்மை இருக்கும், அக்கா தினமும் அந்தப் பெல்ட் பக்கத்தில் குனிவார். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். போனில் இருந்த கவர் படத்தைக் காட்டினேன், அம்மா விரல் படத்தைக் காட்டினேன். மிக்ஸி என்றுதான் அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார். "அந்த மெஷின் கிட்ட இனி நான் போக மாட்டேன். வேலைய விட்டு நிறுத்தறதா இருந்தா நிறுத்தட்டும்" என்றார். மதியத்துக்கு மேல் வெள்ளியங்கிரி அண்ணன் எவ்வளவு கத்தியும் யாரும் அதில் நிற்கவில்லை. அன்றைக்கு மாவு குறைந்தது ஏன் என்று அவரிடம் கேட்டிருப்பீர்கள். இதுதான் காரணம்.

அம்மா நேற்று ராத்திரி வரைக்கும், "வேண்டாங் கண்ணு, ஒரே அண்ணன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். கதவைத் திறக்க வேண்டியதில்லை என்ற இடத்தில், "இன்னொருக்காப் படி" என்றார். படித்தேன். காலையில் எழுந்து, ஒரு கையாலேயே வடகத்தை எல்லாம் பேப்பரில் மாற்றிக்கொண்டிருந்தார்.

பொட்டைத் துடைக்கவில்லை. கவரை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டினேன். ரயிலில் என் மடியில்தான் வைத்திருந்தேன். எதிர் சீட்டில் இருந்தவர் என்ன என்று கண்ணால் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்து, "வடகம்" என்றார்.

தொழிலாளர் பாதுகாப்பு ஆபீஸில் பேச வேண்டாம் என்பதற்காக எல்லாவற்றையும் இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் முழுவதையும் படித்தார். சாக்கைப் பிரித்துக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டைத் தொடாமல் அது என்ன என்று கேட்டார். அம்மா கட்டுப் போட்ட கையை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தார்.

ஒன்பது பேர்தான் என்பதையும் சொன்னேன். ரெஜிஸ்டரில் எழுதத் தேவையில்லாமல் இருக்கலாம், விரல் போனால் இந்த ஆபீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஒரே ஓர் ஆள் வேலை செய்தாலும் சரி என்றார். பிறகு, எங்கே நடந்தது என்று என்னைக் கேட்டார். அதுவும் தாளில் இருந்தது. ஆனாலும் நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

வீட்டில் இல்லை என்றேன். மில்லின் பெயரைச் சொன்னேன். முதலாளி யார் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை, எழுத்து எழுத்தாக, அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் சொன்னேன்.

தென்றல்
நாகரத்தினத்தின் மகள்